இரண்டாம் மதிப்பாய்வாளருக்கு

ஐயா, அல்லது அம்மா,
பெயரில்லாமல் வந்தது உங்கள் குறிப்பு:
"என்ட்ரோபி ஒரு கணக்கு; களம் அல்ல.
களமென்றால் அளந்து காட்டுக."

லீட்ஸில் இன்றிரவு மைனஸ் நான்கு.
கேஸ் மீட்டரில் மிச்சம் அறுபது பென்ஸ்.
சன்னல் கண்ணாடியில் விரலை வைக்கிறேன்.
இந்தப் பக்கம் நான்,
அந்தப் பக்கம் ஹெடிங்லி முழுவதும்.
நடுவே ஏதோ சரிகிறது.
சரிய ஒரு சரிவு வேண்டாமா?
அதைத்தான் பதினோராம் சமன்பாட்டில் எழுதியிருந்தேன்.

எதிர்வீட்டு யாட்ஸெக் காலையில் குவித்த இலைகள்
மாலைக்குள் தெருவெங்கும்.
நிகழ்தகவு என்பீர்கள்.
இருக்கலாம்.
ஆனால் இலைகள் கலைவதால் காற்று பிறப்பதில்லையே,
நான் சொல்வதும் அப்படி ஒன்றைத்தான்:
எதற்கும் முன்பே இருப்பது,
வெற்றிடத்திலும் வீசுவது,
நாம் காலம் என்று சொல்லிக்கொள்வது
அதன் முதுகுப்புறத்தை.

மூன்றாம் பக்கத்தில் ஒரு கழித்தல் குறியை
விட்டுவிட்டேன்; நீங்கள் சொன்னது சரி.
அந்தப் பிழையின்படி
ஹெடிங்லி என் விரலைச் சூடாக்க வேண்டும்,
மீட்டரில் காசு ஏற வேண்டும்.
திருத்திவிட்டேன்.
மனமில்லாமல்தான்.

அலகு இன்னும் பொருந்தவில்லை.
புதிய பிரதியை இத்துடன் அனுப்புகிறேன்.
விரலை எடுத்த இடத்தில்
கண்ணாடி கொஞ்சம் வெதுவெதுப்பாக இருந்தது,
ஏழெட்டு நொடி.
இப்போதைக்கு
என்னிடமுள்ள தரவு அதுதான்.