மாறுகண்

ஸ்டுடியோவில் என் வேலை
முகங்களைத் திருத்துவது.
கண்ணாடி நெகட்டிவைச் சாய்வுமேசையில் வைத்து
அடியிலிருந்து வெளிச்சம் விட்டு
ஊசியாய்ச் சீவிய பென்சிலால்
பரு, தழும்பு, மணப்பெண்ணின் பூனைமீசை.
அதுவரை அவ்வளவுதான்.

மார்ச்சில், பனியோடு, ஜெர்மானியர் பிராகுக்கு வந்தார்கள்.
ஏப்ரலில் பிள்ளைகள் வந்தார்கள்.

ஆளுக்கொரு அட்டை.
பெயர், வயது, "பியானோ வாசிப்பாள்",
"எதைக் கொடுத்தாலும் சாப்பிடுவான்".
மூலையில் ஒட்ட ஒரு படம்.
இங்கிலாந்தில் எங்கோ சாப்பாட்டு மேசையில்
சீட்டுக்கட்டைப் போல விரித்துப் போட்டு
யாரோ ஒன்றை உருவுவார்களாம்.
உருவிய பிள்ளைக்கு ரயில்.

"அழகான பிள்ளைகள் சீக்கிரம் போகிறார்கள்"
என்றார் கமிட்டியின் மிஸ் திரெல்,
உடைந்த செக் மொழியில், கையுறையைக் கழற்றாமல்.
சொன்ன பிறகு அவருக்கே முகம் சிவந்தது.

அதனால் திருத்தினேன்.
கிட்டா பொல்லாச்செக்கின் காதைக் கொஞ்சம் ஒதுக்கினேன்.
வின்டர்நிட்ஸ் இரட்டையருக்கு
தூங்காத மூன்று வாரங்களைக் கண்ணடியிலிருந்து எடுத்தேன்.
நெகட்டிவில் எல்லாம் தலைகீழ்:
வெளுத்த கன்னம் கரி,
கருவிழி வெறும் வெளிச்சம்.

ஹனுஷ் லெவித். ஏழு வயது. மாறுகண்.
வலது கண் நம்மைப் பார்க்க
இடது கண் தன் மூக்கையே விசாரித்துக்கொண்டிருக்கும்.
இரண்டு முறை போய்த் திரும்பியது அவன் அட்டை.
மூன்றாம் முறை
அந்த இடது விழியைப் பென்சிலால் அடைத்தேன்.
ஒரு நூல் தள்ளி, மூச்சைப் பிடித்து,
கத்திமுனையால் புதிதாய் ஒன்று சுரண்டினேன்.
நேராகப் பார்த்தான்.
ஒன்பதே நாளில் ஒரு வீடு அவனுக்குக் கண் திறந்தது.

லண்டன் ஸ்டேஷனில் நடந்ததை
மிஸ் திரெல் எழுதியிருந்தார்.
அந்த அம்மாள் படத்தைப் பார்த்தாராம், பையனைப் பார்த்தாராம்,
மறுபடி படத்தை.
"இவன் இல்லை."
ஒரு சொல்லும் புரியாத ஹனுஷ்
கழுத்தில் தொங்கிய எண்ணைத் தூக்கிக் காட்டினானாம்,
கடையில் விலைச்சீட்டைக் காட்டுவதுபோல.
கடைசியில் கூட்டிப்போனார்கள்.
எப்படி என்று கடிதத்தில் இல்லை.

போர் தொடங்கி இரண்டாம் குளிர்காலம்.
யூதருக்கு அனுமதியில்லை என்று எங்கள் கதவில் பலகை.
பின்கட்டு வழியாக வந்தார் அவன் தாய்.
கோட்டுக்குள்ளிருந்து நான் திருத்திய படத்தை எடுத்து
என் மேசையில் வைத்தார்.
"இந்தப் பையன் நல்ல பையன்தான்.
ஆனால் எனக்கு என்னுடையவன் வேண்டும்.
என்னோடு பேசும்போதே ஒரு கண்ணால்
வேறெதையோ பார்த்துக்கொண்டிருப்பானே, அவன்.
காசு கொடுக்கிறேன்."

இருந்தது ஒரே நெகட்டிவ்.
டர்பன்டைன் தொட்ட பஞ்சால் பென்சிலைத் துடைத்தேன்.
பழைய விழி திரும்பிவிட்டது.
சுரண்டியது மட்டும் சுரண்டியதுதான்.
அச்சுப் போட்டபோது
ஒரே கண்ணில் இரண்டு விழிகள்,
ஒன்றையொன்று இடித்துக்கொண்டு,
ஒன்று மூக்கை நோக்கி,
ஒன்று இங்கிலாந்தை நோக்கி.

மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன்.
அவர் கேட்கும் நிலையில் இல்லை.
ஈரப் படத்தைச் சன்னலுக்குக் கொண்டுபோய்
கட்டைவிரலால் வலது பாதியை மறைத்து, எடுத்து,
இடது பாதியை மறைத்து, எடுத்து
நின்றுகொண்டே இருந்தார்.
காசு வேண்டாம் என்றேன். வைத்துவிட்டுப் போனார்.

அலமாரியில் இன்னும் இருக்கின்றன
நூற்றுப் பதினொரு கண்ணாடிகள்.
யாரும் உருவாதவை அறுபத்தெட்டு.
அவற்றையும் நன்றாகத்தான் திருத்தியிருந்தேன்.