ஐந்நூறு கிராம் குளிர்

ராமநாதபுரம் ஜில்லாவில் பனி கடித்த ஆள்
எனக்குத் தெரிந்து நான் ஒருவன்தான்.
சித்திரை மாதம், மண்டபம் ரோட்டில்,
பகல் இரண்டு மணிக்கு.
காஸ் உள்ளே இருக்கும்போதே பைப் நட்டைத் தளர்த்தினேன்.
ஆள்காட்டி விரல் நுனி சுண்ணாம்பாய் வெளுத்தது.
வலி மெதுவாக, மறுநாள்தான் வந்து சேர்ந்தது.
இன்றைக்கும் அந்த விரலுக்குச் சூடு பிடிபடாது.
டீ கிளாஸ் கொதிக்கிறதென்று
மற்ற விரல்கள் சொன்னால்தான் நம்பும்.

அதனால் பிரிட்டோ, அவசரப்படாதே.

உன்னுடையது நண்டு வண்டி.
தங்கச்சிமடத்துக்கும் கம்பெனிக்கும் இடையில் ஓடி ஓடி
சீட்டுக்கடியில் போன வாரத்துக் கால் ஒன்று
இன்னும் யாரையோ கிள்ளக் காத்திருக்கிறது.
கம்ப்ரஸர் இறுகிப்போய்
பெல்ட் கருகிய நாற்றம்
நண்டையே தோற்கடித்துவிட்டது.

"பைப்பைக் கழட்டிக் காத்துல விட்ருங்க சகுபர் அண்ணே,
கடல்தான் கிடக்கே, எல்லாத்தையும் வாங்கிக்கிடும்."

வாங்கிக்கொள்ளும்.
எதைத்தான் வேண்டாமென்றது அது.
நான் விடமாட்டேன்.

முதலில் பாட்டரியின் மைனஸ்.
அப்புறம் கண்ணாடி, முகம் பார்க்க இல்லை.
கையுறை. அந்த விரலுக்கு மட்டும் இரண்டு.
மெஷின் காஸை உறிஞ்சி
சிலிண்டருக்குள் கூட்டிப்போகும்வரை
எந்த நட்டையும் தொடுவதில்லை.
முள் பூஜ்யத்துக்கு வந்த பிறகும்
பத்து நிமிடம் பார்த்துக்கொண்டிருப்பேன்.
எண்ணெய்க்குள் ஒளிந்த மிச்சம்
ஆட்கள் போய்விட்டார்கள் என்று நினைத்து
மெல்ல எழுந்து வரும்.

போல்ட் நான்கு. மூன்று வந்தன.
நான்காவதை உப்பு தன் பெயருக்குப்
பத்திரம் பண்ணி வைத்திருந்தது.
ஒரு மணி நேரம், அரை டின் எண்ணெய்,
இங்கே எழுத முடியாத நாலு வார்த்தை.

பழையதைக் கவிழ்த்து அளவுக் குவளையில் வடித்தேன்.
கறுப்பு.
அதில் அலுமினியத் தூள்
செதில் செதிலாய் மினுங்கியது.
"புதுசை மாட்டுங்க, கிளம்பிருவோம்" என்றாய்.
செத்தவன் எலும்பு குழாயெல்லாம் ஓடுகிறது,
புது மாப்பிள்ளையை அந்த வீட்டுக்கா அனுப்புவது?
கண்டென்சர் மாற்றணும். டிரையர் மாற்றணும்.
குழாயைக் கழுவணும்.

விலையைச் சொன்னேன்.
நீ கடல் பக்கம் பார்த்தாய்,
கழுத்துச் செயினைத் தடவினாய்,
சரி என்றாய்.

புதியதைக் கையால் பத்துச் சுற்று சுற்றி, மாட்டி,
வடித்த எண்ணெயை அளந்து
அதற்கேற்ற அளவுக்குப் புது எண்ணெய் விட்டு,
அரை மணி நேரம் காற்றை இழுத்து,
மெஷினை நிறுத்தினேன்.
இனி முள்ளை மட்டும் பார்க்க வேண்டும்.

ஒன்றுமே இல்லாததைக் காவல் காத்திருக்கிறாயா?
ஈ வந்து உட்கார்ந்தாலும் சந்தேகம் வரும்.
பதினேழாவது நிமிடம் முள் அசைந்தது,
ஒரு மயிரளவு.
நீ பார்க்கவில்லை.
கம்பெனிக்காரனோடு போனில் சண்டை போட்டுக்கொண்டிருந்தாய்.
சொல்லாமல் காஸ் ஏற்றியிருக்கலாம்.
இரண்டு மாதம் குளிரும்.
மூன்றாவது மாதம் நீ வருவாய்,
நான் பெல்ட்டைக் குறை சொல்வேன்.

மறுபடி கழற்றினேன்.
ஒரு ஓ-ரிங். அதன் மேல் ஒரு மணல்.
அரியமான் கரை முழுக்கக் கிடக்க
ஒற்றை மணல் இங்கே வந்து உட்கார்ந்திருக்கிறது.

இஷா பாங்கு கேட்டபோது
தராசில் சிலிண்டரை வைத்து
ஐந்நூறு கிராம் நிறுத்து ஏற்றினேன்.
தங்கக் கடையில்கூட இப்படி
மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றதில்லை.

குளிர்ந்தது.
கிரில்லில் கையை வைத்தேன்.
நாலு விரல் சிலிர்த்தது.

வண்டிக்கடியில் சொட்டத் தொடங்கியதும்
"லீக்கா அண்ணே?" என்று பதறினாய்.
இல்லடா, தண்ணி.
காற்றில் இருந்தது, உப்பில்லாதது.
குடம் பத்து ரூபாய்க்கு வாங்கும் இந்தத் தெருவில்
கறுப்பு நாய் ஒன்று தலையை உள்ளே விட்டு
நக்கிக்கொண்டிருந்தது.

சாவியை நீ திருப்பப் போனாய்.

நிறுத்தாதே.
அது குடிச்சு முடிக்கட்டும்.