பின்பலகை

காசிமேட்டு உப்புக்காற்று
முதலில் தின்பது முறுக்காணிகளை.
அதைச் சொல்லியே ஆயிரம் குறைத்தேன்.

கழுத்தை ஒற்றைக்கண்ணால் நீளவாக்கில் பார்த்தேன்.
நூலளவு வளைவு.
இன்னோர் ஆயிரம்.
பிரிட்ஜுக்கு அடியில் என் விசிட்டிங் கார்டை நுழைத்தேன்,
பாதிப் பெயர்வரை போனது.
ஜெசிந்தா எதுவும் கேட்கவில்லை,
ஐஸ்பெட்டி கழுவிக்கொண்டிருந்தாள்.

பல்டாக்டர் கண்ணாடியை ஓட்டைக்குள் விட்டேன்.
லேபிளில் வருஷத்தைக் கரப்பான் தின்றிருந்தது,
ஒரு அறுபது மட்டும் மிச்சம்.
அதற்குப் பின்னால் விலா எலும்பொன்றின்மேல்
பச்சையாய், கட்டிகட்டியாய், பிசின்.

"யாரு பண்ண வேலை இது?"
"நான்தான். போட்டுக்கு அடைச்ச மிச்சம்."
"ஒரிஜினல் போச்சும்மா. பாதிதான் வரும்."
"போட்டு இன்னும் முழுகல," என்றாள்.

விரல்முட்டியால் பின்பலகையைத் தட்டினேன்,
தர்பூசணி வாங்குபவன்போல
காதை ஒட்டவைத்து
ஓரம், நடு, மறுபடி ஓரம்.
செத்த சத்தம் எங்கேயும் இல்லை.
பிசின் இருந்த இடத்தில்
இன்னும் கொஞ்சநேரம் நின்று போனது.

இதற்கு என் நோட்டில் கட்டம் கிடையாது.

குறைத்த ஆயிரங்களை
மனசுக்குள் ஒவ்வொன்றாகத் திருப்பிவைத்தேன்.
வாய்விட்டுச் சொன்னது
ஒன்றைத்தான்.

அவள் கை துடைத்துக்கொண்டு வந்து
கார்டை உருவிப் பார்த்தாள்.
"மதிப்பீட்டாளர்," என்று
எழுத்துக்கூட்டிப் படித்தாள்.