நிரந்தரமாக ஊர் திரும்புகிறீர்களா?

இந்த வரியை எழுதியவன் நான்.
ரூவியில், பரோட்டா எண்ணெய் மணக்கும்
கஃபேட்டீரியாவுக்கு மேல்மாடி அறையில்,
ஏசி சொட்டும் தண்ணீருக்கு வாளி வைத்துவிட்டு
இருபது நிமிடத்தில் எழுதினேன்.
அபூசாலி கார்கோவுக்காக.
வீட்டு வாசல் வரை டெலிவரி.
அட்டைப்பெட்டி இலவசம்.

யாருக்குக் காட்ட வேண்டும் என்று திரை கேட்டது.
மஸ்கட் வட்டாரம், தமிழ், முப்பது முதல் ஐம்பத்தைந்து,
விசா கேன்சல், கிராஜுவிட்டி கணக்கு,
ஒருவழி டிக்கெட் தேடியவர்கள்.
மூவாயிரத்து நானூறு பேர் என்றது.
பெயர் இல்லை, முகம் இல்லை.
வேலை போனதை இன்னும் யாரிடமும் சொல்லாத
மூவாயிரத்து நானூறு பேர்.

அவர்களில் ஒருவன்
என் அறையிலேயே கீழ்க்கட்டிலில் படுத்திருந்தான்.

ஏசுவடியான் வழக்கம்போல ஐந்தரைக்கு எழுந்தான்.
ஷூ மாட்டினான், டிபனை எடுத்துக்கொண்டான்,
கம்பெனி பஸ் நிற்கும் இடத்தைத் தாண்டி
மத்ரா கோர்னிஷ் வரை நடந்து
சாயங்காலம் வரை கப்பல் பார்த்தான்.
பதினோரு நாள்.
இடையில் போனில் ஒன்று தேடியிருக்கிறான்:
எட்டு வருஷத்துக்கு எவ்வளவு வரும்?

அதே அக்கவுண்ட்
மார்த்தாண்டத்தில் மகள் படிக்கும் டேப்லெட்டிலும் திறந்திருந்தது.
நான் போட்ட வட்டத்தைத் தாண்டி எப்படிப் போனதோ,
எனக்கே தெரியாது.
பின்னக் கணக்கு வீடியோவுக்கு நடுவே
என் வரி போய் நின்றது.
மகள் அம்மாவிடம் காட்டினாள்.
அம்மா போன் செய்தாள்.
"சைட்டுல நிக்கேன், பெறவு பேசுதேன்" என்றான்,
கடல்காற்று இரைய.

அன்று இரவு கேட்டான்:
"யாருடே அது, எனக்க வீட்டுக்காரிகிட்ட போய்ச் சொன்னது?"
கம்ப்யூட்டர் என்றேன்.
வாளி நிறைந்திருந்தது. கொட்டப் போனேன்.

அடுத்த மாதம்
போன்களே ஒரு கேள்வி கேட்கத் தொடங்கின:
பின்தொடர அனுமதிக்கலாமா?
யார் ஆம் என்பார்?
மூவாயிரத்து நானூறு நூற்றுப்பத்தாகச் சுருங்கியது.
நல்லது என்றேன். மனதாரத்தான்.

அபூசாலி கடையில்
பெட்டிகள் மடித்தபடியே கூரை தொட்டன.
டேப் ஒட்டும் ரஃபிகுல்
டேப்பைக் கிழித்துத் தன் விரலிலேயே சுற்றிக்கொண்டிருந்தான்.
"பெரிய கம்பெனிக்காரன் இருக்கான்ல" என்றார் அபூசாலி,
"பணம் அனுப்புற ஆப் அவனுது,
அரிசி வாங்குற கடை அவனுது,
இப்ப கார்கோவும் அவனுது.
ரெண்டு மாசம் சம்பளம் ஏறலேன்னா
பொண்டாட்டிக்கு முந்தி அவனுக்குத் தெரியும்.
அவன் எதுக்குத் தம்பி யார் பின்னாலயும் போகணும்?
எல்லாரும் அவன் வீட்டுக்குள்ளதான நடக்குறாங்க."

கதவைச் சாத்தியது சரிதான்.
தெருவில் கூவி விற்கிறவன் வெளியே நின்றுபோனான்.
உள்ளே குடியிருப்பவனோ
தாழ்ப்பாளுக்கு எண்ணெய் போட்டுக் கொடுத்து,
உங்கள் ரகசியம் எங்கள் பொறுப்பு என்று
விமான நிலையச் சாலையில் போர்டு வைத்தான்.
இரவிலும் எரிகிறது அது.

கதவைத் திற என்று ஏசுவடியானிடம் சொல்ல எனக்கு வாயில்லை.
சாத்து என்று அபூசாலியிடம் சொல்லவும் இல்லை.
மூன்று இரவு யோசித்தேன்.
நான்காவது இரவு தூங்கிவிட்டேன்.

விமானத்துக்கு ஆறு நாள் இருக்கையில்
"நல்ல கார்கோ ஏதாவது தெரியுமாடே" என்றான்.
கூட்டிக்கொண்டு போனேன்.
ஒரு மிக்ஸி, இரண்டு கம்பளி,
மகளுக்கு வாங்கி வளர்த்தி தவறிப்போன ஒரு சைக்கிள்.
படிவத்தின் கடைசியில் ஒரு கேள்வி:
எங்களைப் பற்றி எப்படி அறிந்தீர்கள்?
விளம்பரம், நண்பர் என்று இரண்டு கட்டம்.
பேனாவை ஒருமுறை உதறிவிட்டு
நண்பர் என்பதில் டிக் அடித்தான்.

நான் தராசைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.
நாற்பத்தேழு கிலோ.
பெட்டிக்குத் தனியாகக் காசு வாங்கினார் அபூசாலி.
இலவசம் போன மாதத்தோடு முடிந்துவிட்டதாம்.