துல்லியம்: இருபத்தைந்து கிலோமீட்டர்

நாலு எண்கள், நடுவே மூன்று புள்ளிகள்.
சட்டைப்பையிலிருந்து எடுத்து விரித்தான்.
மடிப்பில் மழை இறங்கி
மூன்றாவது எண் ஊதாவாகக் கசிந்திருந்தது.
அதனால் என்ன, அவனுக்கு மனப்பாடம்.

புந்தா அரேனாஸிலிருந்து பஸ்ஸில் முப்பது மணி நேரம்.
பெயர் நிக்கானோர்.
மனைவி அனுப்பிய ஒரே மின்னஞ்சல்:
‘பையனுக்குக் காய்ச்சல் விட்டது. தேடாதே.’
அதன் அடிமடியில் கிடந்த எண்ணை
தங்கை மகன் தோண்டிக் கொடுத்திருக்கிறான்.
வரைபடத்தில் போட்டால்
சிவப்புப் பொட்டு நேராக
எங்கள் அலுவலகக் கூரையில் விழுகிறதாம்.

“இங்கேதான் இருக்கிறாள்” என்றான்.
நானும் அண்ணாந்து பார்த்தேன்.
ஒழுகும் தகரம். அதன்மேல்
ஒரு டிஷ், இரண்டு கடற்காகங்கள்.

வால்டிவியாவில் இணையம் வைத்திருக்கும் எல்லோரும்
எங்கள் கூரையில்தான் குடியிருக்கிறார்கள்.
மீன் சந்தையில் கடல்சிங்கங்களுக்குத்
தலைகளை வீசும் ஓர்த்தென்சியா,
ஆயர், ஆயரை ஏமாற்றும் கணக்கப்பிள்ளை,
விடிய விடியச் சீட்டாடி
வீட்டை அடகுவைத்த பல் டாக்டர்.
அத்தனை பேரும் ஒரே பொட்டில் நின்றும்
காலை மிதித்ததாக இதுவரை புகார் இல்லை.

எண் ஊரைச் சொல்லும், ஐயா,
கதவைச் சொல்லாது.
பொட்டைச் சுற்றி வெளிறிய ஒரு வட்டம் இருக்கிறதே,
குனிந்து யாரும் அதைப் படிப்பதில்லை.
இருபத்தைந்து கிலோமீட்டர்.
அதற்குள் ஆறுகள், ஒரு சிறைச்சாலை,
ஈர விறகோடு மல்லுக்கட்டும் எத்தனையோ அடுப்புகள்.

“ஆனால் உங்களுக்குத் தெரியும்” என்றான்.

தெரியும்.
கணக்கைத் திறந்தால் பெயர், தெரு, மாடி,
நேற்று எத்தனை மணிக்கு ஓய்ந்தாள் என்பது வரை.
நீதிமன்றத் தாள் இல்லாமல் திறக்கக் கூடாது.
இதைச் சொன்னபோது
குரல் என்னுடையது போல் இல்லை.

போன மாதம் இதே மேஜையில்
இடது கையால் கையெழுத்துப் போட்டாள் ஒருத்தி.
வலது கை மாவுக்கட்டில்.
பில்லை வீட்டுக்கு அனுப்ப வேண்டாம்,
நானே வந்து கட்டுகிறேன் என்றாள்.
விளம்பரத் தாள்களில் கப்பல் செய்துகொண்டிருந்தான்
கூட வந்த சின்னவன்.

அவள்தானா இவன் தேடுகிறவள்?
நான் பார்க்கவில்லை.
தெரிந்துகொள்ளாமல் இருப்பதற்கும் சேர்த்துத்தான் சம்பளம்.

கத்துகிற ஆளாயிருந்தால் சுலபமாயிருந்திருக்கும்.
அவன் மாலை வரை வாசலில் நின்றான்.
யெர்கோ கொடுத்த காபியை
இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு
சூடு ஆறும்வரை குடிக்கவேயில்லை.
அந்தக் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

நள்ளிரவுக்குப் பின் ஏதோ ஒரு மாடியில்
மோடம் அணைந்து எழுந்தது.
எண்களெல்லாம் வாடகைக்கு விட்டவை;
அவன் மனப்பாடம் செய்தது
இப்போது ஒரு சலவைக் கடையில் இருக்கிறது.
அணைத்தது நானா, மின்வெட்டா என்று
பதிவேட்டில் எழுதப்படவில்லை.

காலையில் பஸ்ஸுக்கு முன் வந்தான்.
பிளாஸ்டிக் பையை மேஜைமேல் தள்ளினான்.
“ஒருவேளை இந்த வழியாக வந்தால்...” 
மீதியைச் சொல்லவில்லை.

குழந்தை பூட்ஸ், மஞ்சள், இருபத்தாறாம் அளவு.
கொடுத்தால் அவன் வந்துபோனது தெரிந்துவிடும்.
கொடுக்காவிட்டால் இந்த ஊரில்
மழை செப்டம்பர் வரை நிற்காது.

பில் கட்டக் கடைசி நாள் ஐந்தாம் தேதி.
இன்று மூன்று.