ஒரு சாண்

ஹே ஊருக்குக் கீழே மர்ரம்பிட்ஜி
கரை தாண்டி ஏழு கிழமை.
சேதம் என்றது வானொலி.
நெடுஞ்சாலை மூடல், வேலிக் கம்பியில் தொங்கிய செம்மறிகள்,
மோட்டலின் பின்கதவால் நுழைந்த பழுப்புத் தண்ணீர்.
எல்லாம் உண்மை.
நானும் மணல்மூட்டை சுமந்தேன். தோள் இன்னும் வலிக்கிறது.

எனக்குச் சம்பளம் மட்டும்
வேறொரு கணக்குக்கு.

லிக்னம் புதர்களின் நடுவே ஒரு அளவுகோல்.
செவ்வாயும் வெள்ளியும் போய் வாசிக்க வேண்டும்.
தட்டைப் படகை ஓட்டுவது லெஸ் ஹார்டிகன்,
நெல் போட்டு நொடித்தவர்.
தண்ணீரை இன்னமும்
கடன்காரனின் வீட்டு விளக்கைப் பார்ப்பதுபோலப் பார்ப்பார்.

முதலில் நாற்றம் வரும், பிறகு இரைச்சல்,
அதற்கும் பிறகுதான் பறவைகள்.
இலையற்ற கம்பிப் புதரை மிதித்து மிதித்து மேடையாக்கி
அழுக்கு வெள்ளையில் மூன்று முட்டை, சிலதில் இரண்டு.
புதருக்கு நாற்பது கூடு.
எண்ணிக்கொண்டே வந்தேன், பதினோராயிரத்தில் கை ஓய்ந்தது.
ஆறு ஆண்டாக இங்கே ஓர் இறகு விழவில்லை.
ஆறு கரை உடைத்த கிழமையே வந்து இறங்கிவிட்டன.
யார் தந்தி அடித்தது?

கழுத்தில் வைக்கோல் தொங்க, மூக்கு அரிவாளாய் வளைய,
அன்றில்.
இணை பிரிந்தால் உயிர் தரியாது என்று
வவுனியாவில் சோதனைக்கு எழுதி
ஐந்து புள்ளி வாங்கியிருக்கிறேன்.
முட்டையைப் பற்றி யாரும் கேட்கவில்லை.

நீர் ஒரு சாண் சட்டென இறங்கினால்
விடிவதற்குள் எழுந்து போய்விடும்.
இணையோடுதான். பிரியாமல்தான்.
மிச்சத்துக்கு நரி நடந்தே வரும்.

இந்த வெள்ளத்தையும் நான் கும்பிடவில்லை.
மேட்டுக் கரையில் லெஸ் மண்வெட்டியால் கிளறிக் காட்டினார்:
ஆமை புதைத்துப்போன முட்டைகள், பதினான்கு,
நீருக்குள் ஊறி, தொட்டால் கையோடு வந்தன.
தாய் எங்கோ ஆழத்தில் நீந்திக்கொண்டிருக்கும்.
அதற்கு இது நல்ல ஆண்டு என்றே தோன்றும்.

வெள்ளிக்கிழமை, கோலில் நான்கு விரற்கடை குறைவு.
மூக்குக் கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தேன்.
நான்குதான்.
படகில் நின்றே கிரிஃபித் அலுவலகத்துக்கு அழைத்தேன்.
"எத்தனை மெகாலிட்டர் வேண்டும்?" என்றாள் மேகன்.
"பதினெட்டு நாள்" என்றேன்.
"அது அளவு இல்லையே."
குஞ்சு ஓடப் பழகும்வரை என்றேன்.
அந்தப் பக்கம் விசைப்பலகை தட்டும் சத்தம்,
பிறகு யாரோ கதவைச் சாத்துகிற சத்தம்.

லெஸ் புகையிலை சுருட்டினார். பற்றவைக்கவில்லை.
"என் நெல் பால் பிடித்து நின்றபோது
இதே ஆளிடம்தான் கேட்டேன்.
ஆற்றில் இல்லை என்றார்கள்."
நான் பதில் சொல்லவில்லை. என்னிடம் இருந்தது
பதிவேடும் பென்சிலும் மட்டும்.

மதகு திறந்தார்கள், ஞாயிறு இரவு.
செவ்வாய்க் காலை தண்ணீர் இன்னும் வந்து சேரவில்லை,
அல்லது வந்தது தெரியவில்லை.
வடக்குப் புதர்களில் கூடுகள் திறந்து கிடந்தன.
ஒரு முட்டையை எடுத்தேன். ஆற்றங்கல்போலக் குளிர்ந்திருந்தது.
இன்னொன்றை எடுக்கவில்லை.

தெற்கே திரும்பும் முன்
லெஸ் எஞ்சினை அணைத்தார், கேட்காமலே,
முந்நூறு மீட்டருக்கு அப்பாலேயே.
அலை கூட்டில் படக்கூடாதாம்.
நீண்ட கழியை எடுத்து
நெல்வயலில் வரப்பு மிதிப்பவர்போல
அடி அடியாகத் தள்ளிக்கொண்டு போனார்.

கோலின் ஈரக்கோட்டுக்கு மேலே
அரை விரல் புது ஈரம்.
பக்கத்துப் புதரில் ஒன்று எழுந்து நின்றது.
எங்களைப் பார்த்தது, தண்ணீரைப் பார்த்தது.
லெஸ் மூச்சைப் பிடித்திருந்தார்.
முட்டைகளை மூக்கால் ஒருமுறை புரட்டிவிட்டு
உட்கார்ந்தது.