பதினொரு கட்டங்கள்

டோங்காட்டில் கரும்பு எரிக்கும் மாதம்.
கரித்தூள் வந்து கொடித்துணியில் உட்காருகிறது.
ஜன்னலைச் சாத்திவிட்டு
லீமாவைத் திறக்கிறேன்.

எனக்கு இரவு. அங்கே பகல், மூடுபனி.
தென்னமெரிக்கக் கோப்பைக்காக
பெருவும் அர்ஜென்டினாவும் ஆடும் மைதானத்தில்
ஒரே கேமரா, அதுவும் கொஞ்சம் சாய்ந்து.
எல்லைக் கோட்டுக்கு அப்பால் யாரோ
தள்ளுவண்டியை ஆட்டி ஆட்டிப் பிள்ளையைத் தூங்கவைக்கிறார்.
பார்வையாளர்கள், அந்தப் பிள்ளையோடு பதினான்கு பேர்.
எண்ணிவிட்டேன். எண்ணுவதுதான் வேலை.

முன்பு ஆலையில் எடைமேடைக்காரி.
லாரி ஏறும், முள் நடுங்கும், நிற்கும், எழுதுவேன்.
ஆட்குறைப்புக்குப் பிறகு
பந்துக்கு இத்தனை சென்ட் என்று
டர்பன் கம்பெனி ஒன்று இதைக் கொடுத்தது.
அங்கே பந்து விழும். இங்கே தட்டுவேன்.
புள்ளி. ஒன்று. புள்ளி. வைடு.
யார் படிக்கிறார்கள், யார் பந்தயம் கட்டுகிறார்கள்,
கேட்டதில்லை.

பெருவின் நான்காம் ஆட்டக்காரர் பெயர்
திரையில் வந்ததும் விரல் நின்றது.
இசக்கிராஜ்.
வர்ணனையாளர் கடைசி எழுத்தைக் காற்றாக ஊதிவிட்டார்:
'இசாக்கிராஹ்.'
சிரிப்பு வந்தது, பிறகு வரவில்லை.
என் பெயரின் வாலிலும்
கப்பல்துறைக் குமாஸ்தா ஒருவன் உட்காரவைத்த இரண்டு 'ஈ'.
தலைமுறை தலைமுறையாக விரட்டுகிறோம்,
பறப்பதில்லை.
படையாச்சி என்று நானே சொல்லிக்கொண்டால்தான் உண்டு.
எனவே சமையலறைக்குக் கேட்கும்படி
ஒருமுறை சரியாகச் சொன்னேன்:
இசக்கிராஜ். ஜ். அடிச்சு ஆடு.

நேராக மட்டுமே அடித்தான்.
பக்கத்து வீட்டுக்குள் போனால் அவுட் என்ற
சந்துகளில் வளர்ந்த ஆட்டம் அது.
அர்ஜென்டினாக்காரர்களுக்கு அது புரியவில்லை,
பக்கவாட்டில் ஆளை நிறுத்திக்கொண்டே இருந்தார்கள்.

அவன் நாற்பத்தெட்டு. மொத்தம் தொண்ணூற்றேழு.
பந்துவீச்சாளர் ஓடிவரத் தொடங்கினார்,
மின்சாரம் போயிற்று.

இன்றைய அட்டவணையில் இல்லாத வெட்டு.
தெருவே ஒரே குரலில் திட்டியது.
அடுத்த வீட்டு சிபூசிசோ ஜெனரேட்டர் கயிற்றை
எட்டு முறை இழுத்தார், அதையும் எண்ணினேன்.
கைபேசிக் கோபுரமும் செத்திருந்தது.
மூடுபனிக்குள் ஒரு பந்து
விழாமலே நின்றது எனக்கு.

விளக்கு வந்தபோது நூற்றுப்பன்னிரண்டு.
பதினொரு பந்துகள் போயிருந்தன.
அவன் இடத்தில் கிஸ்பே என்று யாரோ.

அவுட் எப்படி, என்று கேட்கிறது மென்பொருள்.
போல்டு, கேட்ச், எல்பி, ரன் அவுட், ஸ்டம்பிங்,
இன்னும் கீழே ஏதேதோ.
தெரியாது என்பதற்கு மட்டும் கட்டம் இல்லை.
கப்பல் பதிவேட்டில் இருந்தது:
எண், ஊர், உயரம், தழும்பு,
கடைசியில் 'குறிப்பு'.
எங்கள் ஆள் ஒருத்திக்கு அங்கே வெறும் தாள்.
அதைப் பார்த்துக் கோபப்பட்டிருக்கிறேன்.
எழுதியவனுக்கும் தெரியாமல் இருந்திருக்கலாம்
என்று இன்றைக்குத்தான் தோன்றுகிறது.

பதினைந்து ஓட்டத்தைப் பதினொரு கட்டத்தில்
நானே பங்குவைத்திருக்கலாம்.
கூட்டல் சரியாக வந்தால் எவன் கேட்பான்?
ஆனால் முள் நிற்காமல் எழுதிய பழக்கம் இல்லை.

லீமாவில் நோட்டோடு உட்கார்ந்திருப்பவருக்குச் செய்தி போட்டேன்.
பதில் வந்தது:
'அவர் போய்விட்டார்.'

அடுத்த வரி வரும்வரை
என்னென்னவோ நினைத்துவிட்டேன்.

'ஐந்து மணி ஷிப்ட். விமான நிலையச் சரக்குக் கிடங்கு.
பேடைக் கழற்றாமலே டாக்சி ஏறினார்.'
கூடவே நோட்டின் புகைப்படம், பென்சில் எழுத்து,
பதினொரு கட்டங்களும் இருந்தன.
அவன் கணக்கில் ஒரே ஒரு ஓட்டம்.
நாற்பத்தொன்பது.

இன்னும் ஒன்றுக்கு நின்றிருக்கலாமே, கழுதை.

மென்பொருளில் கீழே, கீழே போனால்
இரண்டு வழி இருக்கிறது:
ஓய்வு, காயம். ஓய்வு, அவுட்.
இரண்டையும் கொஞ்ச நேரம் பார்த்தேன்.
தேநீர் ஆறி ஏடு படிந்திருந்தது.
'அவுட்' என்று அழுத்திவிட்டு,
பெயரை எழுத்தெழுத்தாக ஒருமுறை சரிபார்த்தேன்.

கிஸ்பே மட்டையைத் தட்டுகிறார்.
வண்டியில் பிள்ளை விழித்துக்கொண்டது போலிருக்கிறது.
பந்து.
வைடு.